சேறு படாத பந்து

அத்தியாயம் 6

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் அலுவலகக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். அந்த நேரத்தில் போர்ட் கெய்ன் ஊரில் பாதிப் பேர் சர்ச்சில் இருப்பார்கள். மீதிப் பேர் எதிரே உள்ள பேஸ்பால் மைதானத்து வாசலில் சாஸேஜ் சுட்டுக்கொண்டிருப்பார்கள். லோர்னா பிச்செக்கும் தட்டவில்லை. உதைத்தார்.

"இர்மா! என் சீட்டு போகப் போவுது!"

இர்மா கோவாக் என் முதலாளி. முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றவர். அவர் அவுட் என்றால் அவுட்தான், பெற்ற அப்பன் வந்து கெஞ்சினாலும் அவுட். இப்போது துப்பறிகிறார். என் பெயர் ரோஸ்கோ. அதே மைதானத்தில் பதினோரு வருஷம் வேர்க்கடலை விற்றவன். அங்கே எந்தக் கதவுக்கு எவனிடம் சாவி என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் பாஸ் எனக்குச் சம்பளம் தருகிறார். என் நகைச்சுவைக்குத் தனியாக எதுவும் தருவதில்லை.

"உக்காரு லோர்னா. மூச்சு விடு. அப்புறம் கத்து," என்றார் பாஸ், சூரியகாந்தி விதையை மென்றபடி.

"உக்காருன்னா எங்க உக்கார்றது? என் இடம் அங்க இருக்கு!" என்று ஜன்னல் வழியாக மைதானத்தைக் காட்டினார் லோர்னா. "இடது பெஞ்சு, முதல் வரிசை, பதினாலாம் நம்பர். முப்பத்தோரு வருஷம்! என் புருஷன் செத்த வருஷம் நாப்பது நாள் எனக்குச் சோறு போட்டது அந்தப் பெஞ்சுக்காரங்கதான். இன்னிக்கு ஏழாவது இன்னிங்ஸ்ல அவங்களே என்னை வெளிய தள்ளப் போறாங்க."

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற லோர்னா அழுது நான் பார்த்ததில்லை. பனிக்காலத்தில் பஸ் ஏரிக்குள் சறுக்கியபோதுகூட அவர் திட்டத்தான் செய்தார். அன்றைக்கு அழுதார், எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விஷயம் இதுதான். வெளியூர்க்காரன் வேலியைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து, முந்நூறு பேர் உட்காரும் எங்கள் இடது பெஞ்சு வரிசைகளில் வந்து விழுந்தால் அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உன் பந்து எங்களுக்குத் தூசு என்று மைதானத்துக்குள்ளேயே திருப்பி வீச வேண்டும். ஆனால் ஊரில் கில்லாடிகளுக்கா பஞ்சம்? பையில் ஒரு பழைய பந்தை ஒளித்து வைத்து, அதை வீசிவிட்டு நிஜப் பந்தை அமுக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கஸ் லிண்ட்க்விஸ்ட் அப்படி மாட்டிக்கொண்டார். அவரை ஆயுசுக்கும் பெஞ்சை விட்டுத் துரத்தியது லோர்னாதான். சட்டம் போட்டதும் அவரே, தண்டனை கொடுத்ததும் அவரே.

நேற்று சனிக்கிழமை. எங்கள் ஊர் அணியான கொக்குகளுக்கும் பெல்மாண்ட் அணியான கரடிகளுக்கும் ஆட்டம். கரடிகளின் புதுப் பையன் யாதியேல் ஃபெர்மின் தன் வாழ்க்கையின் முதல் ஹோம் ரன்னை அடித்தான். பந்து நேராக லோர்னாவின் மடியில். ஒரு கையில் கடுகு வழிகிற சாஸேஜ், மறு கையில் பந்து. "திருப்பி வீசு!" என்று பெஞ்சே கத்த, வீசினார். டிவியில் ஊரே பார்த்தது. முதல் ஹோம் ரன் பந்து என்பதால் அம்பயர் அதை எடுத்து, கரடி அணி ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்கு அனுப்பி வைத்தார்.

இன்று காலை அதே பையன் அதே டிவியில் வந்து, தன்னிடம் இருக்கிற பந்து போலி என்றான்.

"அந்தப் பந்து முட்டை மாதிரி வெள்ளையா இருக்காம்," என்று மூக்கைச் சிந்தினார் லோர்னா. "சேறே படலையாம்."

இதைக் கேட்டால் எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் புரியும். புதுப் பந்து வழுக்கும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பந்தையும் ஆற்றுச் சேற்றில் தேய்த்துப் பளபளப்பைப் போக்கிவிட்டுத்தான் அம்பயர் கையில் கொடுப்பார்கள். சேறு படாத பந்து ஆடுகளத்துக்கே வராது. ஆக, பந்து மாறியிருக்கிறது. கடைசியாக ஊர் பார்க்க அதை வைத்திருந்தவர் லோர்னா.

"நான் வீசினது நிஜப் பந்துதான் இர்மா! வீட்டுக்குப் போய் நல்லாப் பாத்து, உறுதி பண்ணிக்கிட்டுத்தான் சொல்றேன்!"

பாஸ் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு என் போனை வாங்கி, டிவியில் காட்டிய பந்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பந்தின் மேல் நீல நிறத்தில் எங்கள் மைதானத்தின் படமும் நூறு என்ற எண்ணும் இருந்தன. மைதானத்துக்கு இது நூறாவது வருஷம்.

"லோர்னா, நீ போய் உன் சீட்டுல உக்காரு. ஏழாவது இன்னிங்ஸ் வரைக்கும் எவன் எழுப்பினாலும் எந்திரிக்காதே."

"கண்டுபிடிச்சிடுவியா?"

"உன்னைக் காட்டிக்கொடுத்த அந்த வெள்ளைப் பந்துதான் உன்னைக் காப்பாத்தப் போவுது."

லோர்னா போனதும் நான் கேட்டேன், "பாஸ், எனக்கு மட்டும் சொல்லுங்க. காப்பாத்துமா, இல்ல ஆறுதலுக்குச் சொன்னீங்களா?"

"ரோஸ்கோ, ஏமாத்தணும்னு பையில பந்து கொண்டுபோறவன் எந்தப் பந்தைக் கொண்டுபோவான்?"

"வீட்டுல நாய் கடிச்சுப் போட்ட பந்தை. நல்ல பந்தை எவனாவது தூக்கி எறிவானா?"

"இந்த நூறாவது வருஷ முத்திரை போட்ட பந்து எப்ப வந்துச்சு?"

"நேத்து மத்தியானம்தான் பெட்டியைப் பிரிச்சாங்க. நானே கூட நின்னேன். கடைக்கு நாளைக்குத்தான் வரும்."

"அப்ப நேத்து லோர்னா பையில அது எப்படி இருந்திருக்க முடியும்?"

ஊரே பந்தின் நிறத்தைப் பார்த்தது. முத்திரையை யாரும் யோசிக்கவில்லை. அது நிஜப் பந்தில் இருக்க வேண்டிய முத்திரைதானே என்று விட்டுவிட்டார்கள்.

"சேறு தேய்க்காத பந்துங்க மைதானத்துக்குள்ள வேற எங்க இருந்துச்சு?" என்றார் பாஸ்.

"குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்னு ரெண்டு டக்அவுட்லயும் ஒவ்வொரு பெட்டி வெச்சாங்க."

"பந்து கடைசியாப் போனது எந்த டக்அவுட்டுக்கு?"

"கரடிங்களோடது." நான் தொப்பியை எடுத்துக்கொண்டேன். "பாஸ், எனக்கே அறிவு வளர்ற மாதிரி இருக்கு."

"வளரட்டும். நடந்துகிட்டே வளரட்டும்."

* * *

வெளியூர் அணியின் கதவில் காவலுக்கு நின்ற எர்வின் என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான். அது கை குலுக்க அல்ல. உப்புப் போட்ட வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை வைத்தேன்.

"அஞ்சு நிமிஷம்தான்," என்றான். "யாராவது கேட்டா உன்னை எனக்குத் தெரியாது."

"தெரியாத ஆள்கிட்ட பதினோரு வருஷமா கடலை வாங்கித் திங்கறியே, வெக்கமா இல்ல?"

யாதியேல் டக்அவுட் படியில் தனியாக உட்கார்ந்து, வெள்ளைப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். இருபத்தொரு வயது. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவன். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்தம்மா அனுப்பினாங்களா? பந்தைக் கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. எங்கம்மாவுக்குக் கொடுக்கறதா சத்தியம் பண்ணிருக்கேன்."

"கொடுக்கலாம் தம்பி," என்று பக்கத்தில் உட்கார்ந்தார் பாஸ். "முதல்ல சொல்லு. ஹோம் ரன் அடிச்சுட்டு உள்ள வந்தியே, யார் யார் கை கொடுத்தாங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒருத்தரும் இல்ல. ஒருத்தர் ஷூ லேஸைக் கட்டினாரு. ஒருத்தர் நகம் வெட்டினாரு. கோச் வானத்தைப் பாத்தாரு. நான் காத்துக்குக் கை கொடுத்துட்டுப் போனேன்."

"அடப் பாவிகளா," என்றேன். ஆனால் எனக்குத் தெரியும். முதல் ஹோம் ரன் அடித்தவனை இரண்டு நிமிஷம் யாருமே கண்டுகொள்ளாமல் கலாய்ப்பது எல்லா அணியிலும் உள்ள வழக்கம்தான். அப்புறம் மொத்தமாக மேலே விழுந்து நசுக்குவார்கள்.

"பந்தை உன் கையில கொடுத்தது யாரு?"

"வேட் ஹாலோரன் அண்ணன். அவரே படியேறிப் போய் அம்பயர் ஆள்கிட்ட வாங்கினாரு. 'கடுகா ஒட்டிருக்குடா'ன்னு துண்டுல தொடைச்சுக் கொடுத்தாரு."

பாஸின் புருவம் ஏறியது. "துண்டுக்குள்ள போட்டுத் தொடைச்சாரா?"

"ஆமா. ஏன்?"

"கடுகு துண்டுல போகும் தம்பி. சேறு போகாது. உங்க டீம்ல குறும்புக்காரன் யாரு? ஷூவுக்குள்ள ஷேவிங் கிரீம் வைக்கிற ஆளு?"

அவன் முகம் மெல்ல மாறியது. "வேட் அண்ணன்தான்."

"கூப்பிடு அவரை."

"இல்லயே. போயிட்டாரு. நேத்து ஆறாவது இன்னிங்ஸ்ல ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. அவரை வேற டீமுக்கு மாத்திட்டாங்க. ஆட்டம் நடக்கும்போதே எல்லாரையும் கட்டிப் பிடிச்சுட்டுக் கிளம்பினாரு. நான் அழுதேன்."

"நீ அழுவும்போது அந்தாளு ஜேப்புல ஒரு உருண்டை உன் வயித்துல இடிக்கலியா?" என்றேன்.

யாதியேல் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"எந்த ஊர் டீமுக்கு மாத்தினாங்க?" என்று கேட்டேன். கலிஃபோர்னியா என்றால் பாஸ் என்னைத்தான் அனுப்புவார் என்ற பயம்.

"எந்த ஊரா?" என்று எதிர்ப்பக்க டக்அவுட்டைக் கை காட்டினான். "உங்களுக்குத்தான்."

* * *

ஜூலைக் கடைசி வந்தால் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வது வழக்கம். காலையில் கரடியாக எழுந்தவன் இரவு கொக்காகப் படுப்பான். வேட் ஹாலோரன் மைதானத்தின் அடியில் ஓடும் நடைவழியில் எண்பது அடி நடந்து கட்சி மாறியிருந்தார். நாங்கள் உடை மாற்றும் அறைக்குப் போனபோது, எங்கள் அணியின் தொப்பியில் விலைச் சீட்டைக்கூட அவர் இன்னும் கிழித்திருக்கவில்லை.

"வேட், உங்ககிட்ட ஒரு பந்து இருக்கு," என்றார் பாஸ்.

"எங்கிட்ட எப்பவும் பந்து இருக்கும் மேடம். அதுதான் என் தொழில்."

"இன்னிக்கு எந்த இடத்துல நிக்கறீங்க?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"இடது பக்கம், கடைசியில."

"இடது பெஞ்சுக்கு முதுகு காட்டிக்கிட்டு. முதல் வரிசையில லோர்னா. நீங்க பந்தை மாத்தினதால அந்தம்மா மேல திருட்டுப் பட்டம். பெஞ்சுல முந்நூறு பேரு. ஆளுக்கு ஒரு தட்டு பியரோகி கொழுக்கட்டையை உங்க முதுகுல எறிவாங்க, அதுவும் உள்ள கெட்டுப்போன உருளைக்கிழங்கு. இந்த வருஷம் இன்னும் முப்பது ஆட்டம் இங்க இருக்கு வேட்."

முப்பத்தாறு வயது மனிதருக்கு வியர்த்தது. அலமாரியைத் திறந்து, பழைய ஷூவை எடுத்து, அதற்குள்ளிருந்த சாக்ஸைக் கவிழ்த்தார். பந்து உருண்டது. மேலே நீல முத்திரை, மங்கலான சேற்று நிறம், பேட் அறைந்த கறுப்புத் தடம். ஓரத்தில், காய்ந்துபோன கடுகில் பதிந்த ஒரு தடித்த கட்டைவிரல்.

"லோர்னாவோட கையெழுத்து," என்றேன்.

"சாமி சத்தியமா, சும்மா விளையாட்டு மேடம்! ராத்திரி சாப்பாட்டுல எல்லாரும் பாக்க நிஜப் பந்தைக் கொடுக்கறதா இருந்தேன். அதுக்குள்ள போன் வந்துடுச்சு. ஊரை விட்டே அனுப்பறாங்கன்னு நெனச்சு மண்டை காஞ்சு போச்சு. பந்து ஞாபகமே வரல. காலையில டிவியைப் பாத்தேன். நான்தான்னு சொன்னா புது ஊர்ல முதல் நாளே செருப்படி. பயந்துட்டேன்."

"பயம் நல்லதுதான்," என்றார் பாஸ். "ஏழாவது இன்னிங்ஸ்ல அதைச் சத்தமா சொல்லுங்க."

* * *

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில், எல்லா ஆட்டத்திலும் செய்வதுபோல, ஊரே எழுந்து நின்று பாடி முடித்தது. இடது பெஞ்சு மட்டும் உட்காரவில்லை. லோர்னா மட்டும் எழவில்லை.

சவ அடக்கக் கடை வைத்திருக்கும் வெர்ன் ஸ்டாஹ்ல்தான் பெஞ்சுக்கு மூத்தவர். கறுப்புக் கோட்டோடு வந்து நின்றார். இந்தப் பெஞ்சில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் முடிவு சொல்கிறவர் அவர். வெள்ளம் வந்த வருஷம் பாதி ஊர் இந்த மைதானத்தில் படுத்துத் தூங்கியபோது யாருக்கு எந்தப் பெஞ்சு என்று பிரித்துக் கொடுத்ததும் அவர்தான்.

"லோர்னா, சட்டம் உனக்குத் தெரியும்," என்றார்.

"வெர்ன், கொஞ்சம் கீழ பாரு," என்றார் பாஸ்.

வேலிக்கு அந்தப் பக்கம், புல்வெளியில், வேட் ஹாலோரன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். "பந்தை மாத்தினது நான்!" என்று கத்தினார். "அந்தம்மா மேல தப்பே இல்ல! எறியறதா இருந்தா சூடா இல்லாததா எறிங்க!"

பாஸ் முத்திரையையும் சேற்றையும் கடுகு விரலையும் மூன்றே வாக்கியத்தில் விளக்கினார். லோர்னாவின் கட்டைவிரலைப் பந்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள், அச்சாகப் பொருந்தியது. முந்நூறு பேர் போட்ட கூச்சலில் ஏரிக்கரைப் பறவைகள் எழும்பின. அடுத்த பாதியில் கரடிகள் பந்து பிடிக்கும் முறை, யாதியேல் அதே இடது மூலைக்கு ஓடி வந்தான். பாஸ் வேலிக்கு மேலாகப் பந்தைப் போட்டார். அவன் பிடித்து, முத்தம் கொடுத்து, லோர்னாவைப் பார்த்துக் கும்பிடாத குறையாகத் தலை குனிந்தான்.

"தப்பா பேசிட்டேம்மா!"

"பரவால்ல, போய் ஆடு! ஆனா சரியா ஆடாதே!" என்றார் லோர்னா. பெஞ்சு சிரித்தது. வழக்கு முடிந்தது என்று நான் கடலை வாங்கக் கிளம்பினேன்.

பாஸ் கிளம்பவில்லை. லோர்னாவின் காதருகே குனிந்தார். எனக்கு மட்டும் கேட்டது.

"காலையில ஒண்ணு சொன்னே. வீட்டுக்குப் போய்ப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன்னு. வீசிட்ட பந்தை வீட்டுல எப்படிப் பாத்தே?"

லோர்னாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"உன் பையில இன்னொரு பந்து இருந்துச்சு," என்றார் பாஸ் மெதுவாக. "வீட்டுல அதைப் பாத்ததும்தான் கை மாறிப்போச்சுன்னு தெரிஞ்சுது. பழசை வீசறதா நெனச்சுப் புதுசை வீசிட்டே. நீ நிரபராதி லோர்னா. தப்பித் தவறி நிரபராதி. எனக்கு இது போதும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லவும் மாட்டார். பாஸைப் பற்றி எனக்குத் தெரியும். லோர்னா வாயை மூடிக்கொண்டு பதினாலாம் நம்பரில் சாகும்வரை உட்கார்ந்திருக்கலாம். அவர் தன் பையைப் பார்த்தார், வெர்னைப் பார்த்தார். பிறகு பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேளுங்க! என் பையில பழைய பந்து இருக்கு! நேத்து அதைத்தான் வீசறதா இருந்தேன். கையெல்லாம் கடுகு, வழுக்கிருச்சு, அவசரத்துல நல்லதை வீசித் தொலைச்சுட்டேன்!"

பெஞ்சு ஊமையானது. அந்த அமைதியில் சர், சர் என்று நாலைந்து பைகளின் ஜிப்கள் மூடப்பட்டன. வெர்ன் தன் கோட்டுப் பையைக் கையால் அழுத்திக்கொண்டார்.

"இதே காரியத்துக்குத்தான் கஸ்ஸை நான் துரத்தினேன்," என்றார் லோர்னா. "பன்னெண்டு வருஷம் அந்த மனுஷன் இந்தப் புல்லைப் பாக்காம இருந்திருக்காரு. நான் பாவி. சட்டம்னா எனக்கும் சட்டம்தான். போறேன். யாராவது கஸ்ஸைக் கூப்பிட்டு இந்தச் சீட்டைக் கொடுங்க."

"எனக்கு வேணாம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அங்க வெயில் அடிக்கும்."

ஒன்பதாவது வரிசையில் பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிழவர் எழுந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கஸ்?" லோர்னா பெஞ்சிலிருந்து விழப் பார்த்தார். நான் பிடித்தேன். "நீ எப்ப வந்தே?"

"நான் எப்பப் போனேன்? நீ துரத்தின மறுநாளே தொப்பி வாங்கிட்டேன்."

"அந்தத் தொப்பி மனுஷனுக்கு இங்க நடந்த ரத்ததான முகாம்ல நானே ஜூஸ் கொடுத்தேனே!"

"கொடுத்தே. சர்க்கரை கம்மி."

லோர்னா திரும்பி வெர்னைப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

வெர்ன் வானத்தைப் பார்த்தார். ஒருத்தர் ஷூ லேஸ் கட்டினார். முந்நூறு பேரும் பன்னிரண்டு வருஷமாகக் காப்பாற்றிய ரகசியம் அது. லோர்னாவுக்குப் பயந்தும், கஸ் மேல் ஆசையாலும் காப்பாற்றியது. எனக்கும் தெரியும். கடலை விற்றவனுக்குத் தெரியாதா?

லோர்னா சீட்டில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கஸ் படியிறங்கி வந்தார். இடுப்பில் கை வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி சரி, தண்டனை தண்டனைதான். எந்திரி. ஆயுசுக்கும் பெஞ்சை விட்டுத் துரத்தினவங்க உக்கார்ற இடம் ஒன்பதாவது வரிசை. பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு." தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி லோர்னாவின் தலையில் வைத்து, கண் மறைகிறவரை இழுத்துவிட்டார். "குனிஞ்சே நட. பழகிடும்."

இருவரும் படியேறிப் போனார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது. வெர்ன் தொண்டையைக் கனைத்து, பதினாலாம் நம்பரைச் சுட்டிக்காட்டி, பெஞ்சே கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, லோர்னாவை யாராவது பாத்தீங்களா?"

"இல்லையே!" என்றார்கள் முந்நூறு பேரும்.